உள்ள போங்க, நடுவுல எடம் இருக்கு

அட, வாசல்லயே நின்னு சண்ட போட்டா எப்படி, உள்ள வா தம்பி. செருப்பு அங்கயே கெடக்கட்டும். மெதுவா, மெதுவா, கதவ டமார்னு சாத்திடாத. அவரு தூங்குறாரு, அந்த ரூம்புலதான். ராத்திரி பஸ்ஸுல கண்டக்டரு, தெரியும்ல? எல்லாரும் தூங்குறப்ப முழிச்சிருந்துட்டு, எல்லாரும் முழிக்கிறப்ப வந்து படுப்பாரு. என்ன பண்றது, பொழப்பு அப்படி.

உக்காரு. அதுல வேணாம், அதுல ஊசி கெடக்கும். இதுல உக்காரு. அந்தத் துணியெல்லாம் தள்ளி விடு, ஒண்ணும் ஆகாது. பள்ளிக்கூட பேன்ட்டுங்கதான், எல்லாத்துக்கும் இடுப்பு பிரிச்சு விடணும். லீவுல நல்லாத் தின்னுட்டு வந்திருக்குங்க எல்லாம்.

ம், சொல்லு. நீ சொல்லவே வேணாம், எனக்கே தெரியும். கொறட்டை, அதானே? உனக்கு முன்னாடி பக்கத்து வீட்டுல குடியிருந்தவங்களும் இதே நாற்காலியில உக்காந்து இதத்தான் சொன்னாங்க. அவங்க வயசானவங்க, கொஞ்ச நாள்ல பழகிக்கிட்டாங்க. நீ சின்ன வயசு, உனக்குப் பழக இன்னும் நாளாகும்.

என்னது, மீட்டிங்கா? ஓ, வீட்டுல இருந்தே வேலையா. நீ பேசிக்கிட்டு இருக்கிறப்பவே பின்னாடி கேக்குதா? அய்யய்யோ. மேனேஜரு என்ன சொன்னாரு? நீ தூங்குறேன்னு நெனச்சாரா? வாயத் தொறந்து பேசிக்கிட்டு இருக்கிறவன் எப்படிப்பா தூங்குவான், அந்தாளுக்கு அது தெரியாதா? ஓ, அப்ப பக்கத்துல யாரு படுத்திருக்காங்கன்னு கேட்டாரா. நான் சிரிக்கல தம்பி. இருமல்.

இன்னும் இருக்கா, சொல்லு சொல்லு. உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் இருக்கு. அதுவும் கேட்டுச்சா? பெரிய கம்பெனிக்காரம்மா ஒருத்தங்க பேசிக்கிட்டு இருக்கிறப்பவா? அவங்க என்ன சொன்னாங்க? எங்க போகணும்னு கேட்டாங்களா. அடக் கடவுளே. இரு, தண்ணி குடிச்சுக்கிறேன், பொரையேறிடுச்சு.

அது தூக்கத்துல பேசுறது தம்பி. கண்டக்டரு பின்ன என்ன பேசுவாரு? எங்களுக்குக் கல்யாணம் ஆன புதுசுல ஒரு தடவ என்னையவே பின் வாசல் வழியா எறங்கச் சொல்லிட்டாரு. என்ன? தெனமும் ஒரே நேரத்துக்கு வருதா? முதல்ல ரெண்டு இருமல், அப்புறம் உள்ள போங்க, அப்புறம் நடுவுல எடம் இருக்கு, ஒரு எழுத்து மாறாம. நல்லாத்தான் கவனிச்சிருக்கே. அதெல்லாம் அப்படித்தான். பஸ்ஸுலயும் தெனம் அதே நேரத்துல, அதே ஸ்டாப்புல, அதத்தானே சொல்றாரு. ஒழுங்கான ஆளு.

இப்பக் கேக்கலியே, ஆமா. இப்பக் கேக்கலதான். நீ மணி அடிச்சதும் நின்னுடுச்சா? அதையும் பாத்துட்டியா. இந்த ரிமோட்டா? சும்மா, கையில இருக்கு. துணிக்கு அடியில போயிட்டா அப்புறம் தேடணும், அதான் கையிலயே வெச்சிருக்கேன். இரு தம்பி, அவசரப்படாத, முழுக்கக் கேட்டாத்தான் உனக்குப் புரியும். எல்லாம் அந்தப் பொட்டியால வந்தது. அது இல்ல, அது டி.வி. அதுக்குப் பக்கத்துல, பூப்போட்ட துணியில உறை போட்டு சின்னதா ஒண்ணு இருக்கு பாரு. உறை நான் தெச்சதுதான். வயரு போறதுக்குப் பட்டன் ஓட்டை மாதிரி காஜா கூட எடுத்து விட்டிருக்கேன். அதுக்குப் பேரு என்க்ளோசராம். நீ கம்ப்யூட்டர்காரன், உனக்குத் தெரிஞ்சிருக்கும். எனக்கு அந்தப் பேரு வாயில நொழையவே மூணு பொட்டி ஆச்சு.

கதை என்னன்னா, இவரு ஒத்துக்கவே மாட்டாரு. நான் கொறட்டை விடுறேனா, நானா? அது கீழ தண்ணி மோட்டாரு ஓடுதுன்னுவாரு. மோட்டாரு கெட்டுப் போயி ஒரு வாரமா நாம கொடத்துல தண்ணி தூக்குறோமேன்னு கேட்டா, அப்ப அது மாடி வீட்டு மிக்சின்னுவாரு. அவங்க வீட்ட பூட்டிட்டுப் போயிருக்காங்களேன்னா, அப்ப நீயே சத்தம் போட்டுட்டு என் மேல போடுறியான்னு கேப்பாரு. நான் இங்க முழிச்சுக்கிட்டு உக்காந்து பேன்ட்டு தெச்சுக்கிட்டு இருக்கேன் தம்பி, நான் எப்படிக் கொறட்டை விடுவேன்? இந்த நியாயத்த யார்கிட்ட சொல்ல?

சரி, இவர வாயால ஜெயிக்க முடியாதுன்னு முடிவு பண்ணேன். எங்க பையன் வேலை கெடச்சுப் போறப்ப அவனோட பழைய லேப்டாப்ப விட்டுட்டுப் போயிருந்தான். அவன்கிட்டயே போன்ல கேட்டுக் கத்துக்கிட்டு, இவரு படுத்ததும் கட்டிலுக்கு அடியில அத வெச்சு, ரெக்கார்டப் போட்டு விட்டுடுவேன். ஒரு நாள் பிடிச்சா போதாதுப்பா இவருக்கு. அன்னிக்கு எனக்குச் சளின்னுவாரு, அன்னிக்குத் தலகாணி சரியில்லன்னுவாரு. அதனால சளி இருந்த நாளு, இல்லாத நாளு, மழை பெஞ்ச நாளு, வெயில் அடிச்ச நாளு, எல்லாத்தையும் பிடிச்சு வெச்சேன். வக்கீலுகூட இவ்வளவு சாட்சி சேத்திருக்க மாட்டாரு.

யார்கிட்ட போட்டுக் காட்டறது? இவருக்கு ஒரு அக்கா. ஆஸ்பத்திரியில ஊசி போடுற வேலை. அவங்க சொன்னா மட்டும் இவரு எதுத்துப் பேச மாட்டாரு. நாத்தனாரு வர்ற ஞாயித்துக்கிழமைதான் தீர்ப்புன்னு நாள் குறிச்சாச்சு. அந்த ஞாயித்துக்கிழமை காலையில என்ன நடந்துச்சு தெரியுமா? கல்யாணம் ஆனதுல இருந்து ஒரு டம்ளர இந்த எடத்துல இருந்து அந்த எடத்துக்கு எடுத்து வெக்காத மனுஷன், அன்னிக்கு எனக்கு டீ போட்டு எடுத்துக்கிட்டு வர்றாரு. பாசத்தோட. நேரா லேப்டாப்ப பாத்து வர்றாரு. கால் தடுக்கிடுச்சாம். தரையில என்ன இருந்துச்சு தடுக்கறதுக்கு? ஒண்ணுமில்ல, வழவழன்னு தரை. மொத்த டீயும் லேப்டாப்பு மேல.

அது ஒரு தடவ கண்ண சிமிட்டிட்டு அப்படியே போயிடுச்சு. இவரு அய்யய்யோ அய்யய்யோன்னு தலையில கை வெச்சுக்கிட்டாரு. பையனுக்கு நான் என்ன பதில் சொல்வேன்னு பொலம்புனாரு. கொஞ்ச நேரம் கழிச்சுக் குளிக்கப் போனாரா, உள்ள விசில் சத்தம் கேக்குது. துக்கத்துல எவனாவது விசில் அடிப்பானா?

எனக்கு அண்ணன் ஒருத்தரு இருக்காரு. வாஷிங் மிஷின் ரிப்பேர் பண்றவரு. அதனால ஒலகத்துல எல்லா மிஷினும் தன் சொந்தக்காரங்கன்னு அவருக்கு நெனப்பு. வந்தாரு, பின்பக்கத்தக் கழட்டுனாரு, டீய வடிச்சாரு, உள்ள இருந்து நீளமா, மெலிசா, சூயிங்கம் பட்டை மாதிரி ஒண்ண எடுத்தாரு. தங்கச்சி, லேப்டாப்பு போயிடுச்சு, ஆனா அதோட ஞாபகம் பொழச்சுக்கிச்சு, இதான் எஸ்.எஸ்.டி., நீ சேத்ததெல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு, இத ஒரு என்க்ளோசருல போட்டா டி.வி.யிலயே சொருகிக் கேக்கலாம்னாரு. குளியல் ரூம்புல விசில் நின்னுடுச்சு.

மொதப் பொட்டி வந்துது. நல்லா சோப்பு டப்பா அளவுல. இத உள்ள போட்டா, டப்பாக்குள்ள ஒத்தப் பட்டன் கெடக்குற மாதிரி லொடலொடன்னு உருளுது. எங்க சொருகறதுன்னே தெரியல. எங்க அண்ணன் என்ன பண்ணாரு, சுத்தி பஞ்ச வெச்சு அடைச்சுட்டா ஆடாதுன்னாரு. ஆடாதுதான், ஆனா பாடவும் பாடலியே. அது பழைய மாதிரி பெரிய டிஸ்க்குக்குன்னு செஞ்ச பொட்டியாம். எனக்கு வந்துச்சே கோவம். அண்ணே, நான் தையக்காரி, அளவெடுக்காம நான் யாருக்காவது துணி வெட்டியிருக்கேனா, நீ எப்படி அளவு பாக்காம பொட்டி வாங்குவேன்னு கேட்டேன். கேட்டுட்டு, இஞ்சி டேப்ப எடுத்து நானே அளந்தேன். நீளம், அகலம், கனம், எல்லாம் சாக்பீஸால துணியில எழுதிக் குடுத்து விட்டேன். தையலுக்குக் கொஞ்சம் விட்டே எழுதினேன், உள்ள போறத இறுக்கிப் பிடிக்கக் கூடாதுல்ல.

ரெண்டாவது பொட்டி வந்துது. நீளம் அச்சு. அகலம் அச்சு. எனக்கு ஒரே பெருமை. சொருகுனா போகல. ஏன் போகலன்னு பாத்தா, அந்தப் பட்டையோட நுனியில ஒரு வெட்டு இருக்கு தம்பி, பல்லு விழுந்த எடம் மாதிரி. அது இதுல ஒரு பக்கம் இருக்கு, பொட்டியில வேற பக்கம் இருக்கு. வெளிய பாக்க ரெண்டும் ஒண்ணு போல இருந்தாலும் உள்ள ரெண்டு ரகமாம். நீ தலையாட்டுற, உனக்குத் தெரியுது. எனக்கு அத யாரு சொன்னா? எடுத்த அளவுல வெட்டைத்தான் எடுக்கல. கழுத்து அளவு எடுக்காம சட்ட தெச்ச கதை.

எங்க அண்ணன் உடனே பையில இருந்து அரத்த எடுத்துட்டாரு. இந்தப் பக்கம் லேசா ராவி விட்டா உள்ள போயிடும்ங்குறாரு. இவரு, எங்க வீட்டுக்காரரு, பக்கத்துல உக்காந்துக்கிட்டு, ராவுங்க மச்சான், நல்லா ராவுங்கங்குறாரு. அவருக்கு வெளக்கு வேற பிடிக்குறாரு, டார்ச்சு. நான் அந்தப் பட்டைய வெடுக்குனு பிடுங்கி, நூல் சுத்துற பாபின் டப்பாக்குள்ள போட்டு, டப்பாவ இடுப்புல சொருகிக்கிட்டு நேரா கடைக்குப் போயிட்டேன். கடைக்காரன்கிட்ட சொன்னேன், போட்டுப் பாத்துட்டுத்தான் வாங்குவேன்னு. என்னை ஏற எறங்கப் பாத்தான். ஆனா போட்டுக் காட்டுனான்.

மூணாவது பொட்டி, அதோ இருக்கே, அதான். கிளிக்குனு உக்காந்துது. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. அந்தப் பட்டை மேல தூக்கிக்காம இருக்க சின்னதா ஒரு ரப்பரு குடுத்திருந்தான். அத வீட்டுக்கு வந்து தொறந்து பாக்குறப்ப எங்கயோ தெறிச்சுடுச்சு. இந்தத் தரையில அதத் தேட முடியுமா, பட்டனும் கொக்கியுமா கெடக்கு. பட்டன் தெக்கிற நூலால நாலு சுத்து சுத்தி முடிச்சுப் போட்டுட்டேன். இன்னி வரைக்கும் அசையல.

சூடு மட்டும் கொஞ்சம் ஆகும். நீ தொட்டுப் பாக்காத, இப்பவும் சூடாத்தான்... இல்ல, வெயில்ல. வெயில்ல சூடாகியிருக்கும். அண்ணன்கிட்ட ஏன் சுடுதுன்னு கேட்டதுக்கு, வேலை செய்யுற எதுவும் சுடத்தான் செய்யும்னாரு. அப்ப நீங்க ஏன் மச்சான் எப்பவும் ஜில்லுன்னே இருக்கீங்கன்னு இவரு கேட்டாரு. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் கொஞ்ச நாள் பேசிக்கல.

மறு ஞாயிறு நாத்தனாரு வந்தாங்க. எல்லாரும் இதே எடத்துல உக்காந்தோம். பொட்டிய டி.வி.யில சொருகுனேன். டி.வி. என்ன கேக்குது தெரியுமா? இத என்னால படிக்க முடியல, ஃபார்மட் பண்ணவா, உள்ள இருக்கிறதெல்லாம் அழிஞ்சிடும், சரியா வேணாமா. ரிமோட்டு யாரு கையில? இவரு கையில.

தம்பி, அவரு மூஞ்சியில அப்படி ஒரு வெளிச்சத்த எங்க கல்யாணத்தன்னிக்குக் கூட நான் பாத்ததில்ல. பாவம், கேக்குது, பதில் சொல்லாம இருந்தா மரியாதை இல்லைங்குறாரு. கட்டை விரல் அந்தச் சரிங்கிற பொத்தான் மேல போயிடுச்சு. என் கையில கத்திரிக்கோலு. நான் ஒண்ணும் மெரட்டல, தெச்சுக்கிட்டு இருந்தேன், கையில இருந்துச்சு, அவ்வளவுதான். ரிமோட்டக் கீழ வைங்கன்னு ஒரே ஒரு தடவதான் சொன்னேன். நாத்தனாரு குறுக்க வந்து, ரெண்டு கழுதைங்களும் கையில இருக்கிறத என்கிட்ட குடுங்கன்னு வாங்கிக்கிட்டாங்க. அப்புறம் அண்ணன் தன் லேப்டாப்ப கொண்டாந்து, உள்ள இருக்கிறதையெல்லாம் அதுல ஏத்தி வெச்சுக்கிட்டு, பொட்டிய டி.வி.க்குப் புடிச்ச மாதிரி மாத்தி, திரும்ப எறக்கி விட்டாரு. அந்த ஒரு வேலைய மட்டும் அவரு ஒழுங்காப் பண்ணாரு, மறக்கக் கூடாது.

போட்டோம். ஆரம்பிச்சுது பாரு. டி.வி. மேல இருந்த பொம்மை ஆடுது. இவரு, இது ஏதோ காட்டுப் படம், புலி கிலியா இருக்கும்னு சொல்லிப் பாத்தாரு. அப்பத்தான் ரெண்டு இருமல். உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் இருக்கு. எந்தப் புலிப்பா நடுவுல எடம் இருக்குன்னு சொல்லும்? மூஞ்சி தொங்கிப் போச்சு மனுஷனுக்கு. அண்ணன் தரையில உருண்டு சிரிக்கிறாரு. நாத்தனாரு கண்ணத் தொடச்சுக்கிட்டு சிரிக்கிறாங்க. எனக்கு, ஜெயிச்சுட்டேன்டான்னு இருக்கு.

அப்ப டி.வி.யில கொறட்டை நின்னுது. சும்மா நின்னுது. ஒரு சத்தமும் இல்ல. நாங்க சிரிச்சுக்கிட்டே இருந்தோம். நாத்தனாரு மட்டும் கைய நீட்டி, பேசாம இருங்கன்னாங்க. நாங்களும் நிறுத்துனோம். இன்னும் சத்தம் இல்ல. பொட்டி கெட்டுப் போச்சான்னு நான் எழுந்திரிக்கப் போறேன், அதுக்குள்ள தண்ணிக்குள்ள முங்குனவன் மேல வந்து மூச்ச இழுக்குற மாதிரி, ஹக்னு ஒரு சத்தம். அப்புறம் பழையபடி கொறட்டை. கொஞ்ச நேரத்துல மறுபடியும் நின்னுது. நாத்தனாரு சிரிக்கல. எவ்வளவு நாளா இப்படின்னு என்னைக் கேட்டாங்க.

எனக்கு என்ன தெரியும்? நான் இந்தப் பக்கம் மிஷின் மிதிச்சுக்கிட்டு இருப்பேன். அது நிக்கிறப்பல்லாம், அப்பாடா, கொஞ்ச நேரம் நிம்மதின்னு நெனச்சுக்குவேன். பாரு தம்பி, நான் அப்பாடான்னு நெனச்ச நேரமெல்லாம் அந்த மனுஷன் மூச்சு இல்லாம கெடந்திருக்காரு. சுவத்துக்கு அந்தப் பக்கம்.

டாக்டர்கிட்ட பொட்டியோட போனோம். அவரும் கேட்டாரு. உள்ள போங்கங்கிற எடத்துல அவருக்கும் சிரிப்பு வந்துடுச்சு, அடக்கிக்கிட்டாரு. தூக்கத்துல தொண்டை அடைச்சுக்குதாம், மூச்சு நின்னு நின்னு வருதாம், விட்டிருந்தா நெஞ்சுக்கே ஆபத்தா போயிருக்குமாம். மூஞ்சியில மாட்டுற மாதிரி ஒரு மிஷின் குடுத்தாங்க. மூக்கு வழியா காத்த ஊதி விடும். எனக்குக் கொறட்டையே கெடையாது, எனக்கு எதுக்கு மூக்கணாங்கயிறுன்னு மொதல்ல ஒரே ரகளை. அப்புறம் மாட்டுனாரு. மாட்டுன அன்னிக்கே சாயந்திரம் எழுந்திரிச்சு, என்னாடி இது, ஒலகமே பளிச்சுன்னு இருக்குன்னாரு. இப்ப மிஷினு இல்லாம படுக்கவே மாட்டாரு. தெனம் தலையில மாட்டி, காதுல பஞ்சையும் வெச்சுக்கிட்டு, கதவச் சாத்திட்டுப் படுத்துடுவாரு.

கொறட்டையா? போச்சே. சுத்தமாப் போச்சு. பச்சப் புள்ள மாதிரி தூங்குறாரு.

ஆமா தம்பி. நீ கேக்குறது சரிதான். அப்ப நீ கேட்டது யாரோட கொறட்டை? அவரோடதுதான். ஆனா இது பொட்டியில இருந்து வர்றது. நீ மணி அடிச்சப்ப நான்தான் ரிமோட்டால நிறுத்துனேன். அதான் தெனம் அதே நேரத்துக்கு, ஒரு எழுத்து மாறாம. சத்தம் போடாத, அவருக்குத் தெரியாது. மாடிப்படியில பாத்தா சொல்லிடாத. நான் வாழ்க்கையில கொறட்டையே விட்டதில்லன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியுறாரு, திரியட்டும்.

ஏன்னா கேக்குற? மொத நாளு மிஷினு மாட்டிப் படுத்தாரா, வீடு கப்சிப்னு ஆயிடுச்சு. நான் இங்க உக்காந்து தெக்கிறேன். சத்தம் இல்ல. போயிப் பாத்தேன், நெஞ்சு ஏறி எறங்குது. வந்து உக்காந்தேன். நூலக் கோத்தேன். சத்தம் இல்ல. மறுபடியும் போயிப் பாத்தேன். அந்த மிஷினு ஓடுற சத்தம் இருக்கேங்குறியா? அது அது பாட்டுக்கு ஊதும் தம்பி. உள்ள ஆளு இருந்தாலும் ஊதும், இல்லாட்டியும் ஊதும். அத நம்ப முடியுமா? இப்படியே தெக்கிறதும் ஓடுறதுமா, ஒரு பையனோட பேன்ட்டுல இன்னொருத்தன் காலச் சேத்து தெச்சு, மூணு கால் பேன்ட்டு குடுத்து விட்டுட்டேன். அவங்க அம்மா வந்து, என் புள்ளைய என்னன்னு நெனச்சீங்கன்னு சண்ட. ஒரு நாள் குனிஞ்சு அவரு மூஞ்சிகிட்ட காது வெச்சுக் கேக்குறேன், முழிச்சுட்டாரு. என் கழுத்துல இஞ்சி டேப்பு தொங்குது. அதுக்குள்ள பாடைக்கு அளவெடுக்க வந்துட்டியாங்குறாரு. சிரிக்க வேண்டிய விஷயம்தான். எனக்கு அன்னிக்கு சிரிப்பு வரல.

அதனால பொட்டியப் போட்டுட்டேன். சேத்து வெச்சதுல ஒரே ஒரு நாளு, ஒரு வெள்ளிக்கிழமை, அன்னிக்கு மட்டும் எங்கயும் நிக்காம சீரா போகும். அதத்தான் போடுறேன். அது பொட்டின்னு எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனா காதுக்குத் தெரியல. அந்தச் சத்தம் கேட்டாத்தான் என் காலு மிஷின மிதிக்குது. நீ இங்க வந்து உக்காந்ததுல இருந்து பாரு, நான் மிஷினத் தொட்டேனா?

சத்தத்தக் கொறைக்கிறேன் தம்பி. உன் மீட்டிங்கு நேரத்தையும் சொல்லிட்டுப் போ, அப்ப நிறுத்தி வெக்கிறேன். உன் வேலை முக்கியம். அந்தக் கம்பெனிக்காரம்மாகிட்ட நான் வேணா பேசட்டுமா? சரி சரி, வேணாம்.

எழுந்துட்டியா? இரு. எனக்கு ஒரே ஒரு ஒதவி பண்ணிட்டுப் போ. நீ வந்ததுல இருந்து பொட்டிய நிறுத்தி வெச்சிருக்கேன்ல, வீடு இப்படி அமைதியா இருக்கு, இன்னும் நான் போயிப் பாக்கல. எப்பவும் ஓடிப் போயிப் பாத்துடுவேன். இன்னிக்கு ரொம்ப நேரம் ஆயிடுச்சு. நேரம் ஆக ஆக காலு போக மாட்டேங்குது. அதான் இவ்வளவும் பேசிக்கிட்டே இருந்தேன், வாய மூடுனா ஒண்ணும் கேக்காதே. அந்தக் கதவ லேசாத் தள்ளி, நெஞ்சு ஏறி எறங்குதான்னு மட்டும் பாத்துச் சொல்லிடு. போர்வை மேல கை வெச்சிருப்பாரு, அந்தக் கையப் பாத்தாலே தெரியும். நான் இங்கயே நிக்கிறேன்.

மெதுவாத் தள்ளு. அது கிரீச்சுன்னும்.

என்ன? என்ன தம்பி, ஏன் அங்கயே நிக்கிற? பாத்தியா இல்லியா?

என்னது? உன்னையவா? உள்ள போகச் சொன்னாரா? தூக்கத்துலயே, மிஷினு மாட்டிக்கிட்டேவா?

நடுவுல எடம் இருக்குன்னும் சொன்னாரா.

சரி, கதவச் சாத்திட்டு வா. உக்காரு தம்பி, டீ போடுறேன். அந்தப் பேன்ட்ட இப்படி எடுத்துக் குடு. பொட்டி கெடக்கட்டும், இன்னிக்கு வேணாம்.